மதுவுக்கு ஒரு மாத இடைவெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்ச நாள் குடிக்காமல் இருந்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் குடிப்பவர், வார இறுதியில் மட்டும் நிறையக் குடிப்பவர், வீட்டில் ஒருவருடைய குடியைப் பார்த்துக் கவலைப்படுபவர் என்று எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. மற்றதை எந்த வரிசையில் வேண்டுமானாலும் படியுங்கள். இரண்டாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

இடைவெளி என்றால் என்ன? குடியை விட்டுவிடுவதா?

இல்லை. ஒரு தேதியில் ஆரம்பித்து இன்னொரு தேதியில் முடிகிற, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத காலம். அதன் பிறகு பழையபடி குடிப்பதா, குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்பதை அந்த நாட்களில் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்து முடிவு செய்வீர்கள். ஆஸ்திரேலியாவில் ‘டிரை ஜூலை’ 2008-ல் வந்தது. பிரிட்டனில் ஆல்கஹால் கன்சர்ன் என்ற தொண்டு நிறுவனம் 2013-ல் ‘டிரை ஜனவரி’யைத் தொடங்கியது. எந்த மாதம் என்பது முக்கியமில்லை.

தொடர்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போது அது நமக்கு என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். தூக்கம் கெட்டிருப்பது வயதாலா, வேலையாலா, குடியாலா? காலையில் வரும் எரிச்சல் என் சுபாவமா, நேற்று குடித்ததன் மிச்சமா? எல்லாம் கலந்து கிடக்கும்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் அதன் பங்கு எவ்வளவு என்று தெரியும். இந்த இடைவெளி அதற்காகத்தான்.

யார் வேண்டுமானாலும் திடீரென்று நிறுத்தலாமா?

கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

காரணம் மூளையில் இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட்டை அடக்குகிறது. நாள் கணக்கில்லாமல் இது நடந்தால், மூளை ஈடுகட்டுவதற்காகத் தன் தூண்டுதலை ஏற்றி வைத்துக்கொள்கிறது. மது சட்டென்று நின்றால் ஏற்றி வைத்த தூண்டுதலைத் தடுக்க ஒன்றும் இருக்காது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் வரும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு டெலிரியம் டிரமென்ஸ் என்ற நிலை வரும். ஆள், இடம், நேரம் தெரியாமல் குழம்புவார்கள், இல்லாததைப் பார்ப்பார்கள், காய்ச்சல் அடிக்கும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இதில் உயிர் போகலாம். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருத்துவர் டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்துகளை அளவு பார்த்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மூளையைக் காக்க தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுப்பார். இந்த மாத்திரைகளைத் தெரிந்தவரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும். மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறதே என்று வெட்கப்படவும் வேண்டாம். உடல் பழகிவிட்ட ஒன்றை உடலுக்குத் தெரிந்த முறையில் இறக்குகிறோம், அவ்வளவுதான்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குடி நின்றால் அளவுகள் மாறும், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.

கர்ப்பமாக இருந்தால்?

அப்போது இது சோதித்துப் பார்க்கும் விஷயமே இல்லை. கர்ப்ப காலம் முழுவதும் மது வேண்டாம். இதுவரை தினமும் நிறையக் குடித்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

நான் தினமும் குடிப்பதில்லை, அளவாகத்தான் குடிக்கிறேன். எனக்கு எதற்கு இது?

தேவைப்படாமலும் இருக்கலாம். முதலில் ‘அளவாக’ என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று சொல்வது 10 கிராம் சுத்தமான ஆல்கஹாலை. பாட்டிலில் உள்ள மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். 42 சதவீதத்துக்கு அருகில் இருக்கும் விஸ்கியோ பிராந்தியோ 30 மில்லி ஊற்றினால் 10 கிராம், ஒரு டிரிங்க். 12 சதவீத ஒயின் 150 மில்லி என்றால் 14 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி என்றால் 25 கிராமுக்கு மேல். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 41 கிராம். ‘நான் வெறும் பீர்தான், அதுவும் ஒரே பாட்டில்’ என்று மனதாரச் சொல்பவர் நான்கு ஸ்மால் விஸ்கிக்குச் சமமாகக் குடித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பாட்டிலைத்தான் எண்ணியிருக்கிறார். வீட்டில் கண்ணளவில் ஊற்றும் பெக் பெரும்பாலும் 30 மில்லியில் நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாள். 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண். எத்தனை முறை, எவ்வளவு என்பதோடு, ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாமல் போனதா, நடந்தது மறந்துபோனதா, யாராவது கவலைப்பட்டுச் சொன்னார்களா என்றும் கேட்கும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி உங்களுக்குத் தீங்கு செய்யத் தொடங்கியிருக்கலாம், இடைவெளி எடுத்துப் பார்ப்பது மிகவும் பொருத்தம். 20 அல்லது அதற்கு மேல் என்றால் இடைவெளியை யோசிக்கும் முன் மருத்துவரிடம் போங்கள்.

ஏன் ஒரு மாதம்? ஒரு வாரம் போதாதா?

முதல் வாரம் பெரும்பாலும் உடலும் பழக்கமும் போடும் கூச்சல்தான். அது அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டியவை கண்ணில் படும். ஒரு மாதத்தில் சம்பள நாள், வீட்டில் ஒரு சண்டை, நண்பர்கள் கூடும் ஒரு நாள், ஒன்றுமே நடக்காத ஒரு நீண்ட ஞாயிறு என்று வழக்கமாகக் குடிக்கும் எல்லாச் சந்தர்ப்பங்களும் ஒருமுறையாவது வந்துபோகும். மாதத்தில் ஒரே நாள், ஆனால் நினைவு தப்பும் அளவுக்குக் குடிப்பவருக்கு 30 நாள் என்பது ஒரே ஒரு இரவைத் தவிர்ப்பதுதான். அப்படிப்பட்டவர்கள் மூன்று மாதம் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

முழுக்க நிறுத்துவானேன், பாதியாகக் குறைத்தால் போதாதா என்றும் கேட்பார்கள். குறைப்பது நல்லதுதான். ஆனால் முதல் கிளாஸ் உள்ளே போன பிறகு இரண்டாவது வேண்டுமா என்று முடிவு செய்வது மது ஏறிய மூளை. இடைவெளியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முடிவு, அதையும் தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுகிறீர்கள். பலருக்கு இதுவே சுலபம்.

உடலில் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறும். லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மிதமாகவும் அதற்கு மேலும் குடித்துவந்த 94 பேர் ஒரு மாதம் மதுவைத் தொடாமல் இருந்தார்கள். இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாத நிலை) சுமார் 25 சதவீதமும், ரத்த அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேலும், எடை 1.5 சதவீதமும் குறைந்தன. உணவையோ உடற்பயிற்சியையோ அவர்கள் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. மேலே சொன்ன ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் ஆல்கஹால் மட்டுமே 280 கலோரிக்கு மேல் வரும். கல்லீரலில் மதுவால் சேர்ந்த கொழுப்பு பல பேருக்குச் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு உயர்ந்திருந்தால் அதுவும் வாரங்களில் இறங்கும். ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்து பாருங்கள். தாளில் எண்ணாகப் பார்ப்பது மனதில் பதியும். ஆனால் கல்லீரலில் தழும்பு விழுந்து சிரோசிஸ் வந்திருந்தால் ஒரு மாதத்தில் அது மறையாது. அவர்களுக்கு இடைவெளி போதாது, முழுக்க விடுவதுதான் வழி.

நிறுத்தியதும் தூக்கம் போய்விட்டதே?

முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும். மது சீக்கிரம் தூங்கவைக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கத்தை அழுத்திவிட்டு, பின்பாதியில் அடிக்கடி விழிக்கவைக்கும். நடுராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்காரும் பழக்கம் இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். நிறுத்திய புதிதில் தூக்கம் வரத் தாமதமாகும், கனவுகள் பலமாக வரும். ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்குச் சீராகிவிடும். நிறைய வருடம் குடித்தவர்களுக்கு இன்னும் நாளாகலாம். தூக்கம் வரவில்லையே என்று ஒரு பெக் போட்டால் மறுபடி முதல் நாள் இரவுதான்.

சாயங்காலம் ஆனால் கை தானாகத் தேடுகிறது. என்ன செய்வது?

அந்த ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அதோடு வாதம் செய்தால் நீளும். வந்திருக்கிறது, போய்விடும் என்று கவனித்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் இறங்கும். வழக்கமாகக் குடிக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது நன்றாக உதவும். பசியும் குடி ஆசையும் ஒன்றாக வரும்போதுதான் மனசு தடுமாறும். குளிப்பது, நடக்கப் போவது, யாருக்காவது போன் செய்வது, எதுவானாலும் சரி. ‘ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நடக்கப் போவேன்’ என்று நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே சேர்த்து முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய பழக்கம்தான் ஜெயிக்கும். வீட்டில் பாட்டில் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். மன உறுதியைச் சோதிக்க அலமாரியில் வைத்திருப்பது தேவையில்லாத வேலை.

இனிப்பு ஆசை அதிகமாகிறது, பரவாயில்லையா?

பலருக்கும் வரும், கொஞ்ச நாளில் குறையும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் கவனமாக இருங்கள்.

நண்பர்கள் வற்புறுத்தினால்?

‘இந்த மாசம் குடிக்கல’ என்று சொன்னால் போதும். நீளமான காரணம் சொன்னால் எதிரில் இருப்பவர் அந்தக் காரணத்தோடு வாதாட ஆரம்பிப்பார். கிளாஸில் வேறு ஏதாவது பானத்தோடு உட்காருங்கள், கை வெறுமையாக இருந்தால்தான் ஊற்ற வருவார்கள். முதல் இரண்டு வாரம் அப்படிப்பட்ட கூட்டங்களைத் தவிர்த்தால் நல்லது. அப்புறம் ஒருமுறை வேண்டுமென்றே போய்ப் பாருங்கள். சிலருடன் மது இல்லாமலும் பேச்சு களைகட்டும். இன்னும் சிலருடன் அரை மணி நேரத்துக்கு மேல் பேச ஒன்றுமே இருக்காது. வலிக்கும் விஷயம்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இந்த நாட்களில் என்ன எழுதி வைக்க வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை இடைவெளியின் பாதி பலன் இந்த நோட்டில்தான் இருக்கிறது. நாளை எண்ணி ‘இன்று 12’, ‘இன்று 13’ என்று கோடு போடுவது உற்சாகம் தரும். ஆனால் 30 வந்ததும் நோட்டு காலியாகத்தான் இருக்கும். அதனால் ஆசை வரும்போதெல்லாம் இரண்டு வரி எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே, யாருடன், அதற்கு முன் என்ன நடந்தது. கூடவே ஒரு கேள்வி: இப்போது குடித்திருந்தால் அது எனக்கு எதைச் செய்து கொடுத்திருக்கும்?

இதற்கு வரும் பதில்கள்தான் மிக முக்கியம். வேலை முடிந்துவிட்டது என்று மனசுக்குச் சொல்ல ஒரு அடையாளம் வேண்டியிருக்கிறது என்பது ஒரு பதில். நாலு பேர் மத்தியில் கூச்சமில்லாமல் பேச வேண்டும் என்பது இன்னொன்று. துணையிடம் பேச வேண்டிய ஒரு கடினமான விஷயத்தை இன்றும் தள்ளிப்போட வேண்டும், முதுகு வலி தெரியக் கூடாது, தனியாக இருப்பது தாங்கவில்லை, அல்லது உண்மையிலேயே அந்த ருசி பிடித்திருக்கிறது. இவை எல்லாமே ஒரே கிளாஸில் ஊற்றப்படுவதால் நாம் எல்லாவற்றையும் ‘குடி’ என்று ஒரே பெயரில் வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்வு. முதுகு வலிக்கு மருத்துவர் இருக்கிறார். பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்த அடையாளத்துக்கு ஒரு குளியல் போதலாம். மூன்றாவது வாரத்தில் பழைய பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் குடியில் எவ்வளவு ருசிக்காக, எவ்வளவு மருந்தாக என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

நிறுத்தியதிலிருந்து மனசு சோர்ந்தே இருக்கிறது என்றால்?

முதல் ஓரிரு வாரம் சிலருக்கு அப்படி இருக்கும். மது சோர்வை மறைப்பது போல இருந்து அதைக் கூட்டவும் செய்யும் பொருள் என்பதால், பலருக்கு வாரங்கள் போகப் போகத் தெளிவு வரும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் விலகவில்லை என்றால், குடிக்கு அடியில் மனச்சோர்வு தனியாக இருந்திருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டேன். எல்லாம் வீணா?

வீணில்லை. அதையும் நோட்டில் எழுதி, மறுநாளே தொடருங்கள். ‘போச்சு, இனி என்ன’ என்று மாதம் முழுவதையும் கைவிடுவதுதான் உண்மையான இழப்பு. அடிமைப் பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். ஒரு சறுக்கலைவிட, அதைத் தன் குணத்தின் தோல்வியாக எடுத்துக்கொள்வதுதான் ஆளை முழுக்கப் பழைய நிலைக்குத் தள்ளுகிறது.

ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு அந்த வாசனையே உண்மையானதைத் தேடவைக்கிறது. ஒருமுறை பார்த்தால் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துவிடும். அப்படி விற்கப்படும் பல பானங்களில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

மாதம் முடிந்தது. இனி?

முடிந்த அன்றைக்கே கொண்டாட வேண்டாம். ஒரு மாதத்தில் உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும். முன்பு நாலு பெக் தாங்கிய அதே ஆள் இப்போது இரண்டிலேயே நிலை தடுமாறலாம். வண்டி ஓட்டுபவர்களுக்கு இது மிக ஆபத்து.

நோட்டைப் படித்துவிட்டு, மறுபடி குடிப்பதாக இருந்தால் விதியை எழுதி வையுங்கள். ‘அளவோடு குடிப்பேன்’ என்பது விதி ஆகாது. எந்த நாட்கள், எத்தனை டிரிங்க், எந்தச் சந்தர்ப்பத்தில் கண்டிப்பாக இல்லை என்று இருக்க வேண்டும். ‘கோபத்தில் குடிக்க மாட்டேன், தனியாகக் குடிக்க மாட்டேன்’ என்பது போல. ‘மருந்தாக’ என்று நோட்டில் வந்த இடங்களை முதலில் வெட்டுங்கள். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க குடியளவு எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஆகவே எவ்வளவு குறைத்தாலும் லாபம்தான்.

பலன் நீடிக்குமா என்று கேட்டால், சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 டிரை ஜனவரியில் சேர்ந்த 800-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து விசாரித்தார்கள். ஆகஸ்டில் அவர்கள் குடிக்கும் நாட்கள் வாரத்துக்கு சராசரி 4.3-லிருந்து 3.3 ஆகவும், போதை ஏறும் அளவுக்குக் குடிப்பது மாதம் 3.4 தடவையிலிருந்து 2.1 ஆகவும் குறைந்திருந்தன. தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்களின் கணக்கு இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லையே?

தூக்கம், எடை, மனநிலை, பணம் எதிலும் வித்தியாசம் இல்லை, ஆசையும் வரவில்லை என்றால் உங்கள் குடி உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம். அதுவும் ஒரு விடைதான்.

பல தடவை முயன்றும் ஒரு வாரத்தைத் தாண்ட முடியவில்லை. நான் குடிநோயாளியா?

அந்தச் சொல்லை நீங்களே உங்கள் மீது ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் உடல் தரும் செய்தியைக் கேளுங்கள். கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட மது முன்னால் வந்து நிற்பது, நிறுத்தினால் உடல் பாதிக்கப்படுவது அல்லது அளவு கூடிக்கொண்டே போவது, இவைதான் மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள். இது சிகிச்சைக்குரிய நிலை, ஒழுக்கக் குறைவு அல்ல. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் பரிசோதித்துவிட்டுத் தருவார். ஆலோசனையும் உண்டு. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று உலகம் முழுக்க நடக்கின்றன. கட்டணம் கிடையாது.

வீட்டில் ஒருவர் நிறுத்த மறுக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இப்படிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை உடலிலிருந்து வெளியேற விடாமல் தடுக்கும் மருந்து அது. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம்கூட நிற்கலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். தனக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றே தெரியாதவர் எப்படி ஜாக்கிரதையாக இருப்பார்? அந்த மருந்தைச் சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் பேசுங்கள். ‘நீ குடிகாரன்’ என்று ஆரம்பிக்காமல், போன வாரம் நடந்த ஒரு சம்பவத்தையும் அது உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். ‘ஒரு மாதம் சேர்ந்தே இருந்து பார்க்கலாமா, நானும் தொட மாட்டேன்’ என்று கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் அந்த மாதத்தின் முதல் நாள் மருத்துவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீடு என்றால் பேச்சுவார்த்தை பிறகு. முதலில் நீங்களும் குழந்தைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.